‘சமாளிக்கிறேன்’ என்ற சொல்லை நம்பாத நேர்ல அக்காவுக்கு

அன்பின் அணிகலமே! அஞ்சாமையின் அரணே! ஏறாத படியில்லை, தட்டாத கதவில்லை, கேளாத குறையில்லை என்னும்படி பணியாற்றிய பண்பின் பெட்டகமே! கண்ணால் காணாத ஒன்றைக் கையால் எழுதாத கண்ணியமே! வருக! வணக்கம்! வாழிய!

வீட்டுப் பராமரிப்பு உதவி அலுவலகத்தின் கள அலுவலராய், நோயில் விழுந்தவர்க்கும் அந்நோயாளரைத் தாங்கித் தாங்கியே நொடிந்தவர்க்கும், எத்தனை நாள், எத்தனை மணி நேரம் உதவியாளர் வந்து துணை நிற்க வேண்டும் என்பதை நேரில் கண்டு, நெஞ்சால் நிறுத்து, நேர்மையாய் முடிவுரைத்து, இன்று மாலையோடு பணிநிறைவு பெறும் தங்களுக்கு, உடன் பணியாற்றிய நாங்கள் ஒன்றுகூடி, உள்ளம் கனிந்து, உவந்தளிக்கும் மடல் இது!

இதே நடையில் இன்னும் இரண்டு பத்தி எழுதி வைத்திருந்தோம். அடித்துவிட்டோம். ஏனென்றால் இந்த இடத்துக்கு வருவதற்குள் அக்கா கைப்பையைத் தேடத் தொடங்கியிருப்பார் என்று எங்களுக்குத் தெரியும். முகத்துக்கு நேரே புகழ்ந்தால் அவருக்கு ஆகாது. ‘சரி சரி, போய் வேலையைப் பாருங்க’ என்று கிளம்பிவிடுவார். எனவே அக்கா இங்கே இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அவர் கதையை அவையோராகிய உங்களுக்குச் சொல்கிறோம். அக்கா, நீங்கள் பேசாமல் உட்கார்ந்திருங்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்த மடலை நாங்கள் எழுதிச் சிரமப்பட வேண்டாம் என்று மேலாளர் ஐயா பெருந்தன்மையோடு யோசனை சொன்னார். ‘அதான் ஏஐ இருக்கே, ரெண்டு நிமிஷத்துல எழுதிடுமே’ என்றார். எழுதத்தான் எழுதியது. ‘தம் பணி முடித்து நம்மை விட்டுப் பிரிந்த அன்னாரின் இடம் ஈடுசெய்ய இயலாதது, அன்னாரின் குடும்பத்தாருக்கு எங்கள் ஆழ்ந்த ஆறுதல்’ என்று எழுதியது. ஆள் குத்துக்கல்லாட்டம் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே வழியனுப்பி வைத்துவிட்டது! அதை வாங்கிப் படித்த அக்கா, ‘தூக்கிப் போடாதீங்க, பின்னால உதவும், எடுத்து வைங்க’ என்றார். எடுத்து வைத்திருக்கிறோம். அதற்கு இன்னும் நெடுங்காலம் ஆகட்டும்.

அக்காவுக்கு அலுவலகத்தில் ‘நேர்ல’ என்று பெயர். யார் எந்தக் கோப்பைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவர் கேட்பது ஒன்றே ஒன்று: ‘நேர்ல பாத்தியா?’ மருத்துவர் சான்று இருக்கிறது அக்கா என்போம். ‘நேர்ல பாத்தியா?’ வீட்டுக்காரரே தொலைபேசியில் சொன்னார் அக்கா என்போம். ‘போன்ல யாரு உண்மை சொல்றா? நானே சொல்ல மாட்டேன். நேர்ல பாத்தியா?’ மின்தூக்கி இல்லாத அடுக்குமாடியானாலும் சரி, வண்டி நுழையாத சந்தானாலும் சரி, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனது அப்படித்தான். அது பணிப்பதிவேட்டில் ஏறவில்லை.

முன்பிருந்த மேலாளரம்மாவைச் சிலருக்கு நினைவிருக்கும். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ‘இடி’. வாயைத் திறந்தால் வசவுதான். ஒரு கமா தவறினால் ஊரைக் கூட்டிவிடுவார். அக்காவும் அவரும் போடாத சண்டையில்லை. ஆனால் சண்டையின் கடைசி வரி எப்போதும் ஒன்றாகவே இருக்கும். ‘நீ நேர்ல பாத்தேல்ல? அப்ப போடு. தப்பாப் போனா என் தலை, போ’ என்று கையெழுத்துப் போட்டுத் தூக்கி எறிவார். கோப்பைப் பொறுக்கிக்கொண்டு வந்து நாங்கள் வேலையைப் பார்ப்போம்.

இப்போதுள்ள மேலாளர் ஐயா, இதோ நடு நாற்காலியில் வீற்றிருக்கும் நம் ஐயா, தங்கமானவர். அதிர்ந்து ஒரு சொல் பேசியதில்லை. எதைக் கேட்டாலும், ‘நான் ஒண்ணும் சொல்லல, முடிவு உங்களோடது’ என்பார். ஆகா, இப்படியும் ஒரு மேலாளரா என்று நாங்கள் முதலில் பூரித்துப் போனோம். போகப் போகத்தான் புரிந்தது. அந்தம்மா திட்டிவிட்டுத் தலையைக் கொடுப்பார். இவர் திட்டவும் மாட்டார், தலையையும் கொடுக்க மாட்டார். நாற்காலி உடைந்தால் ‘சமாளிச்சுக்கோங்க’. அச்சு இயந்திரம் நின்றால் ‘கொஞ்சம் சமாளிச்சுக்கோங்க’. கள அலுவலர் இருவர் ஓய்வு பெற்று அவர்கள் மேசை தூசி படிந்து கிடந்தபோதும் ‘ஆள் வர்ற வரைக்கும் சமாளிச்சுக்கோங்க’. இந்தச் சொல்லை அவையோர் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சமயத்தில்தான் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். மாப்பிள்ளை என்று நாங்கள் சொல்வது அந்த ஏஐயைத்தான். வந்த நாளிலிருந்து வீடே அதைத் தாங்கு தாங்கென்று தாங்கியது. அது சொன்னதை மறுத்துப் பேசினால் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். வேறென்ன பெயர் வைப்பது? மாப்பிள்ளையின் வேலை இது. உதவி பெறும் வீடுகளுக்குத் தானே தொலைபேசியில் கூப்பிட்டு, தேனொழுகும் பெண்குரலில் கேள்வி கேட்கும். பதிலை வைத்து, இந்த வீட்டுக்கு உதவியாளர் இவ்வளவு போதும் என்று எங்கள் திரையில் ஒரு கட்டம் போடும். கட்டத்தின் தலையில் ‘பரிந்துரை’ என்றிருக்கும். கீழே இரண்டு பொத்தான். பச்சையை அமுக்கினால் ‘ஏற்கிறேன்’. சிவப்பை அமுக்கினால் ‘விலகுகிறேன்’.

‘வெறும் பரிந்துரைதான், முடிவு உங்களோடது’ என்றார் ஐயா. சரிதான் என்று நாங்களும் சிவப்பு என்று தோன்றிய இடத்தில் சிவப்பை அமுக்கினோம். மறுவாரமே கூட்ட அறைச் சுவரில் ஒரு பெரிய திரை வந்தது. அதில் எங்கள் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே எத்தனை பச்சை, எத்தனை சிவப்பு! யார் மீதும் குற்றம் சொல்லவில்லை ஐயா. அந்தச் சுவரைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். ‘நான் ஒண்ணும் சொல்லல’ என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்கள் விரல் தானாகவே பச்சைப் பக்கம் போகப் பழகிவிட்டது. பச்சையை அமுக்கி ஒரு வீடு தவித்துப் போனால், ‘முடிவு நீங்கதானே எடுத்தீங்க, அது பரிந்துரைதானே செஞ்சுது?’ என்பார்கள். சிவப்பை அமுக்கினால், ‘இவ்வளவு செலவு பண்ணி வாங்கி வச்சிருக்கோம், நீங்க ஏன் விலகுனீங்க?’ என்பார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதை நாங்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு அனுபவித்தோம்.

அக்கா மட்டும் ஒருநாள் கூட்டத்திலேயே கேட்டார். ‘பரிந்து உரைக்கிறதுதானே சார் பரிந்துரை? இது யாருக்காக, எப்பப் பரிஞ்சுது?’ ஐயா தமிழ் நயத்தை ரசித்துச் சிரித்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்.

இனி விஷயத்துக்கு வருவோம். அக்காவின் பொறுப்பிலிருந்த வீடுகளில் ஒன்று, ஒரு தையற்காரருடையது. மனைவிக்குப் பக்கவாதம். வலப்பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சிலும் நாலைந்து சொல்தான் மிச்சம். ஞாயிறு தவிர நாள்தோறும் காலையில் உதவியாளரம்மா ஒருவர் வந்து, அவரைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, புரட்டிப் படுக்கவைத்து, கைகால்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போவார். அந்த நேரத்தில்தான் தையற்காரர் தைக்க முடியும். தைத்தால்தான் அடுப்பு எரியும். அக்கா நேரில் பார்த்து எழுதிக்கொடுத்த ஏற்பாடு அது.

அந்த வீட்டுக்கு மாப்பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டது. ‘வணக்கம். நோயாளியை நீங்களே சமாளிக்கிறீர்களா?’ என்று கேட்டது. பேசுவது யாரோ நல்ல மனுஷி என்று நினைத்த தையற்காரர், ‘ஏதோ சமாளிக்கிறேம்மா. நீங்க சாப்பிட்டீங்களா?’ என்றார். ‘உங்கள் பதில் பதிவு செய்யப்பட்டது. நன்றி’ என்று வைத்துவிட்டது. சாப்பிட்டதா இல்லையா என்று கடைசிவரை சொல்லவில்லை.

அக்காவின் திரையில் கட்டம் வந்தது. ‘பராமரிப்பவர் சமாளிக்கிறார். பரிந்துரை: உதவியாளர் வருகையை வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைக்கலாம்.’ அக்கா அந்தக் குரல் பதிவைக் கேட்டார். ‘ஏதோ’ என்ற சொல் காதில் விழுந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். ‘அடப்பாவி, அந்த ஏதோவை எங்கடா முழுங்குன?’ என்று திரையைப் பார்த்துக் கேட்டார். திரை வழக்கம்போல அமைதியாகப் பச்சையும் சிவப்புமாக மினுக்கிக்கொண்டிருந்தது. அக்கா கைப்பையை எடுத்தார்.

தையற்காரர் வீட்டில் முன்னறைதான் கடை. துணி மாற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கென்று ஆளுயரக் கண்ணாடி ஒன்று வைத்திருப்பார். அது இப்போது கடையைப் பார்க்காமல் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. இயந்திரத்தில் உட்கார்ந்தபடியே உள்ளறைக் கட்டிலைப் பார்க்க வேண்டும் என்று அப்படி வைத்திருந்தார். சட்டை போட்டுப் பார்க்க வந்த ஆள் ஒருவர் கண்ணாடியில்லாமல் தன் தோளைத் தானே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

‘வாங்க மேடம், வாங்க! நல்லா இருக்கோம். ஒரு குறையும் இல்ல, சமாளிக்கிறோம்’ என்றார் தையற்காரர். அக்கா நேரே உள்ளே போனார். அறை பளிச்சென்றிருந்தது. விரிப்பில் ஒரு சுருக்கமில்லை. தொலைபேசியில் கேட்டால் மட்டுமல்ல, வாசலில் நின்று எட்டிப் பார்த்தாலும் ‘சமாளிக்கிறார்’ என்றுதான் எழுதத் தோன்றும்.

‘இவங்களக் கட்டில்லேர்ந்து நாற்காலிக்கு எப்படி மாத்துவீங்க? ஒரு தடவை செஞ்சு காட்டுங்க’ என்றார் அக்கா.

தையற்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அலமாரியிலிருந்து ஒரு கச்சையை எடுத்தார். தானே தைத்தது. ‘சாதா துணி தாங்காதுன்னு கித்தான்ல தச்சேன் மேடம். ரெட்டைத் தையல். இத எனக்கும் அவளுக்கும் சேர்த்துக் கட்டிட்டா, நான் நிமிரும்போது அவளும் எழுந்துடுவா. ஞாயித்துக்கிழம உதவிக்கார அம்மா வராத அன்னிக்கு இப்படித்தான்’ என்றார். கட்டினார். நிமிர்ந்தார். பாதி நிமிரும்போதே முழங்கால் வெடவெடவென்று ஆடியது. கழுத்து நரம்பு புடைத்தது. வாய் மட்டும் ‘ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல’ என்று சொல்லிக்கொண்டேயிருந்தது. சாய்ந்து விழப்போன இருவரையும் அக்கா ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்து நாற்காலியில் சேர்த்தார். அவர் முழங்கால் பட்ட பாடு தனிக்கதை.

மூச்சு வாங்கியபடி தையற்காரர் சிரித்தார். ‘பாத்தீங்களா மேடம், சமாளிச்சிட்டேன்.’

நாற்காலியிலிருந்து வீட்டுக்காரம்மாவின் குரல் வந்தது. கோணிய வாயைக் கூட்டிக் கூட்டி, ஒரே ஒரு சொல்.

‘பொய்.’

‘சும்மாயிரு’ என்றார் தையற்காரர்.

‘பொ… ய்’ என்றார் அந்தம்மா மறுபடியும், அக்காவைப் பார்த்து.

தையற்காரர் கச்சையை அவிழ்க்கப் போனார். முடிச்சு வரவில்லை. குனிந்த தலை நிமிரவில்லை. ‘முடியல மேடம்’ என்றார். ‘கேக்குறவங்ககிட்ட முடியலன்னு சொன்னா, இவள எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுங்கன்னு சொல்லிடுவாங்களோன்னு பயமா இருக்கு. அதான் சமாளிக்கிறேன்னு சொல்லி வச்சேன்.’ அழுதுவிட்டார். அக்காவும்தான். இதை அவர் எங்களிடம் சொன்னபோது மூக்கைச் சிந்திக்கொண்டே, ‘தூசி’ என்றார்.

திரும்பி வந்து அக்கா சிவப்பை அமுக்கினார். விலகலுக்குக் காரணம் கேட்டது. தேர்ந்தெடுக்கச் சொல்லி மாப்பிள்ளை நீட்டிய காரணங்களில் ஒன்றும் பொருந்தவில்லை. ‘பிற’ என்பதைத் தட்டி அந்தக் குட்டிப் பெட்டியில் இப்படி எழுதினார்: ‘சமாளிக்கிறேன் என்றால் முடியவில்லை என்று பொருள். நேரில் பார்த்தேன்.’

மேலாளர் ஐயா கூப்பிட்டனுப்பினார். நாங்கள் கதவுக்கு வெளியே நின்றோம். ஒட்டுக்கேட்டோமா என்று கேட்டால், ஆம், கேட்டோம், மறைப்பானேன்?

‘மேடம், இது என்ன விலகல்? சமாளிக்கிறேன்னு அவரே சொல்லியிருக்கார். குரல் பதிவே இருக்கு.’

‘சார், சமாளிக்கிறேன்னா முடியலன்னு அர்த்தம்.’

‘அது எப்படி மேடம்? சமாளிக்கிறேன்னா சமாளிக்கிறேன்னுதானே அர்த்தம்?’

‘சரி சார். நம்ம ஆபீஸ்ல ரெண்டு சீட் காலியா கெடக்கு. எப்படி ஓடுதுன்னு போன மாசம் கேட்டீங்க. நாங்க என்ன சொன்னோம்?’

‘சமாளிக்கிறோம்னு சொன்னீங்க.’

‘அதுக்கு என்னன்னு அர்த்தம் எடுத்துக்கிட்டீங்க?’

‘ஆள் வேண்டாம்னு. அதான் அந்த ரெண்டு போஸ்ட்டும் தேவையில்லைன்னு மேல எழுதி அனுப்பிட்டேனே!’

கதவுக்கு வெளியே எங்களில் ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அடக் கடவுளே! மூன்று பேர் வேலையை ஒருவர் செய்து, சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப்போய், ‘எப்படிப் போகுது?’ என்று கேட்டவரிடம் மரியாதைக்காகச் சொன்ன ஒரு சொல்லை எடுத்து, அதிலேயே எங்களுக்குக் குழி வெட்டியிருக்கிறாரே மனிதர்!

அறைக்குள்ளிருந்து அக்காவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பில் எரிச்சல்தான் முக்கால்வாசி. ‘சார், நீங்களும் அந்த ஏஐயும் ஒரே பள்ளிக்கூடமா?’

‘நான் ஒண்ணும் சொல்லல மேடம். முடிவு உங்களோடது.’

‘அப்ப என் முடிவு சிவப்பு. உறுதி பண்ணுங்க.’

‘பார்க்கலாம்.’

இந்த ‘பார்க்கலாம்’ என்ன செய்யும் என்று தெரியாதவர்களுக்காக விதியைச் சொல்கிறோம். கள அலுவலர் சிவப்பை அமுக்கினால், மேலாளர் அதை உறுதி செய்ய வேண்டும். செய்யாதவரை பழைய ஏற்பாடே ஓடும், உதவியாளரம்மா வந்துகொண்டிருப்பார். ஆனால் சிவப்பை அமுக்கிய அலுவலரின் நாற்காலி காலியானால், உறுதியாகாத கோப்பெல்லாம் அன்று மாலையே பரிந்துரைப்படி தானாகப் பச்சையாகிவிடும். அக்காவின் நாற்காலி இன்று மாலை காலியாகிறது. அதாவது, இந்த மாலையும் மடலும் முடிந்து நாம் கலையும் நேரத்தில், தையற்காரர் அந்தக் கித்தான் கச்சையை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டுமல்லாமல் வாரத்தில் ஐந்து நாளுக்கு எடுக்க வேண்டியிருக்கும்.

அக்கா ஐயாவைச் சும்மா விடவில்லை. நடைபாதையில் மறித்துக் கேட்டார், ‘பார்க்கலாம்’. வண்டியில் ஏறும்போது கேட்டார், ‘பார்க்கலாம் மேடம்’. ‘அப்ப ஒரு தடவை வாங்க சார், நேர்லயே பார்க்கலாம்’ என்றார் அக்கா. கூட்டம் இருக்கிறது என்றார் ஐயா. ‘சரி, மாட்டேன்னாவது சொல்லுங்க சார். நிராகரிக்கிறேன்னு உங்க பேருல ஒரு பொத்தானை அமுக்குங்க, நான் மேல போய்ப் பேசிக்கிறேன்’ என்றார். ‘என் பேருலயா?’ என்று ஐயா பதறிப்போனார். கிணற்றில் போட்ட கல்லாவது அடியில் போய்ச் சேரும். இது அந்தரத்திலேயே நின்றது.

வேறு வழி இல்லாமல் அக்கா எங்களிடம் வந்தார். எங்களில் யாராவது அந்தக் கோப்பைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டு சிவப்பை அமுக்கினால் போதும். அமுக்கிய கணமே சுவரில் நம் பெயருக்கு எதிரே ஒரு சிவப்பு ஏறும், அவ்வளவுதான். அவ்வளவுதானா என்று ஆளாளுக்கு ஒரு சாக்கைத் தேடினோம். கடைசியாக ‘மின்னலி’டம் போனார். மின்னல் என்பது சுவரில் எப்போதும் பச்சையில் முதலிடம் பிடிக்கும் எங்கள் தோழி. கோப்பு வந்து நிற்பதற்குள் முடித்து அனுப்பிவிடுவதால் அந்தப் பெயர். ஐயா மற்றவர்களுக்கு உதாரணம் காட்டுவது அவரைத்தான்.

‘அக்கா, என்னை விட்டுடுங்க. உங்களுக்கென்ன, கிளம்பிடுவீங்க. எனக்கு இன்னும் எட்டு வருஷம் சர்வீஸ் இருக்கு’ என்றார் மின்னல்.

அக்கா கோபப்படவில்லை. மின்னலின் தோளைத் தட்டினார். ‘பரவால்ல விடும்மா. நான் ஏதோ சமாளிச்சுக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு, காலை இழுத்து இழுத்துத் தம் மேசைக்குப் போனார்.

மின்னல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஏதோ. சமாளிச்சுக்கிறேன். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று இந்த அலுவலகத்தில் சின்னப் பெட்டியில் எழுத்திலேயே எழுதி வைத்தாகிவிட்டது. தெரியாது என்று சொல்ல முடியாது. அன்று முழுவதும் மின்னலின் மேசையில் கோப்பு ஒன்றும் நகரவில்லை. சுவரிலிருந்த பச்சையே ஏதோ கோளாறு என்று நினைத்திருக்கும்.

நேற்று மின்னல் அரைநாள் விடுப்புப் போட்டார். பல்வலி என்று எழுதிக்கொடுத்தார். பல்லும் இல்லை, வலியும் இல்லை. தையற்காரர் வீட்டுக்குப் போனார். நேர்ல. ‘வாங்கம்மா, சமாளிக்கிறோம்’ என்றார் தையற்காரர். உள்ளறையிலிருந்து ‘பொய்’ என்று குரல் வந்தது. அதற்கு மேல் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை என்றாலும், மின்னல் உள்ளே போய், உட்கார்ந்து, எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

இன்று காலை, இந்த அரங்கில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு மாலை வாங்க ஆள் போயிருந்தது. அந்த நேரத்தில் மின்னல் தையற்காரர் கோப்பைத் தம் பெயருக்கு மாற்றி, சிவப்பை அமுக்கினார். காரணப் பெட்டியில், ‘சமாளிக்கவில்லை. நானும் நேரில் பார்த்தேன்’ என்று எழுதினார். சுவரில் மின்னலின் பச்சைப் பயிருக்கு நடுவே முதல் சிவப்புப் பூத்தது. அக்கா, இப்போது நீங்கள் நிமிர்ந்து பார்க்கலாம். இந்த மடலை உங்கள் முன் நின்று வாசித்துக்கொண்டிருப்பவர் அந்த மின்னல்தான். குரல் நடுங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள். தூசி. மின்னலுக்கு இன்னும் எட்டு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. அதுவரை அந்த நாற்காலி காலியாகாது. அந்த உதவியாளரம்மா வருவதும் நிற்காது.

எங்கள் இனிய அக்கா! படியேறிப் படியேறிப் பலர் வாழ்வில் விளக்கேற்றிய பாதங்கள் இனிப் பாங்காய் நீட்டி அமரட்டும்! பாழாய்ப்போன முழங்கால் வலி பறந்தோடட்டும்! தாங்கள் நோயின்றி நெடிது வாழ்ந்து, நிறைந்த மனத்தோடு நீடு மகிழ்ந்து, கைப்பையைத் தோளில் மாட்டாத காலை நேரங்களைக் கண்ணாரக் காண்பீர்களாக! அண்டை வீட்டார் ‘எப்படி இருக்கீங்க?’ என்று கேட்டால், தயவுசெய்து, ஒருமுறையேனும், ‘கால் வலிக்குது, கொஞ்சம் பிடிங்க’ என்று உண்மையைச் சொல்வீர்களாக! தங்களை நேரில் பார்க்க நாங்கள் வருவோம். தொலைபேசியில் சொல்வதை நம்ப மாட்டோம்.

மேலாளர் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. நாளையிலிருந்து காலி மேசை மூன்று. எப்படி ஓடுகிறது என்று தாங்கள் அன்போடு கேட்பீர்கள். அப்போது மரியாதைக்காக வாய் தவறிவிடக் கூடாதே என்று, இப்போதே, எல்லோர் முன்னிலையிலும், எழுத்திலேயே சொல்லி, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டவும் கொடுக்கிறோம்: நாங்கள் சமாளிக்கவில்லை, ஐயா. எங்களால் முடியவில்லை. ஆள் வேண்டும்.

இங்ஙனம்,
சமாளிக்காத,
தங்கள் அன்புடை அலுவலகப் பணியாளர்கள் அனைவரும்.

பின்குறிப்பு: எங்கள் கையொப்பங்களுக்குக் கீழே மேலாளர் ஐயாவின் கையொப்பத்துக்கென ஒரு கோடு விட்டிருக்கிறோம். பேனா மேசையில் இருக்கிறது. நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. முடிவு தங்களுடையது.